போஸ்டருக்காக ஓடியவள்

"கால் ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கு. கொஞ்சம் இழைச்சு விடுங்க," என்றார் விளம்பர மேலாளர், திரையைப் பேனா முனையால் தட்டிக்கொண்டே.

டிசைனருக்குக் கோபம் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. பள்ளிக்கூடத்து ஓட்டக்காரி ஒருத்தியின் கதை இந்தப் படம். பார்க்கப்போவதும் பள்ளிப் பிள்ளைகள்தான். கதாநாயகிக்குக் கால்ஷீட் இல்லையென்று முகத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். முகத்துக்கு உடம்பு வேண்டாமா? போஸ்டர் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது. இந்தத் தடவை ஓடிக் காட்டியது டிசைனரின் சொந்த மகள்.

லேசில் சம்மதித்தாளா அவள்? வகுப்பில் 'ரோடு ரோலர்' என்று பட்டப்பெயர் வாங்கி, கண்ணாடி முன்னால் நிற்பதையே விட்டிருந்தவள். "உன்னை அப்படியே போடுவேன்டி, இம்மிகூட மாத்த மாட்டேன்," என்று அம்மா சத்தியம் பண்ணிய பிறகுதான் மொட்டைமாடியில் ஓடினாள். போஸ்டரைப் பார்க்கும் ஆசையில் பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். யார் எவர் என்று தெரியாமல் அவள் காதுபடவே உலக்கை என்கிறார் இந்த மனிதர். நாக்குக்கு எலும்பில்லை என்றால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாமா?

"எதுக்கு இழைக்கணும்?"

"பசங்களுக்குப் பிடிக்காதுங்க. நம்மளும் இப்படி இருக்கணும்னு அவங்களுக்கு ஆசை வரணும்."

"ஓடற பொண்ணுக்குக் கால் இப்படித்தான் இருக்கும். குச்சிக் காலை வெச்சுக்கிட்டு ஓடினா முதல் வளைவுலயே விழுந்துடுவா."

"கோவப்படாதீங்க. வெறும் போஸ்டர்தானே."

"வெறும் போஸ்டரா? ஊர் முழுக்க ஒட்டப்போறீங்க. இதையே பார்த்துப் பார்த்து எத்தனை பொண்ணுங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்திரிக்குதுங்க, தெரியுமா? இது என் பொண்ணோட கால். இதைத் தொடணும்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

பக்கத்து மேசைக்காரர் தேநீர்க் கோப்பையை வாயருகிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவை அவள் இவ்வளவு பெருமையாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலாளரின் முகம் சுருங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்? மொட்டைமாடியில் எடுத்த அசல் படத்தைத் தேடிப் பிடித்து, போஸ்டருக்குப் பக்கத்தில் திறந்து வைத்தார்.

"அப்போ இடுப்பை மட்டும் ஏன் குறைச்சீங்க? கையும் குறைஞ்சிருக்கு. நான் கேக்கவே இல்லையே."

டிசைனர் திரையைப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. எந்த உடம்பு திரைக்கு வந்தாலும் முதல் வேலையாக இரண்டு பக்கமும் உள்ளே தள்ளிப் பழகிய கை. பெற்ற பிள்ளை என்று அதற்குத் தெரியவில்லை. எப்போது செய்தோம் என்பதுகூட நினைவில் இல்லை. அந்த மனிதர்மேல் கொதித்த கொதிப்பெல்லாம் திரும்பி அவள் தலையிலேயே கொட்டியது.

மகள் எழுந்து வந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்திடறேன் கண்ணு. இப்பவே, உன் கண் முன்னாடியே பழையபடி வெச்சிடறேன்."

"வேண்டாம்மா," என்றாள் மகள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அவர் கேட்ட மாதிரி காலையும் குறைச்சிடு. அப்பதான் அது நான்னு யாருக்கும் தெரியாது."