மாப்பிள்ளை தீட்டிய பிளேடு

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விண்விண்ணென்று தெறிக்கிறது. டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் மடியில். எல்லாம் என் தங்கை புருஷனின் கைங்கரியம்.

ஆஸ்பத்திரிப் புல்வெளியை வெட்டுவது என் பிழைப்பு. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மிஷின் பிளேடோ மழுங்கிப்போய், புல்லை வெட்டாமல் கடித்துத் துப்பியது. கழற்றி வீட்டுப் பின்னாலிருக்கும் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒழுங்காக வருகிற ஒரே வேலை அது.

"கொடுங்க மச்சான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி."

மறுத்தால் தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கொடுத்துத் தொலைத்துவிட்டுப் பெட்ரோல் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பிளேடின் நடு ஓட்டையைச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்குவதுதான் முறை. பிளேடு ஆடாமல் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா? தராசு தோத்துடும்!"

அவசரத்தில் நானும் அப்படியே மாட்டி ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் அடியிலிருந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. மறுகணம் மிஷின் பேய் பிடித்த மாதிரி குதித்தது. வேலை கெட்டுவிடுமே என்று கை அதிர அதிர, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் பிளேடைச் சுழற்றும் ஷாஃப்ட் வளைந்திருந்தது. புல்லில் கிடந்தது பிளேடின் ஒரு முனையில் அப்பியிருந்த காய்ந்த சேறு. புண்ணியவான் சேற்றையும் இரும்போடு சேர்த்து எடை பார்த்து, அதன் பாரத்துக்கு அந்தப் பக்கத்து இரும்பைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார். சேறு விழுந்ததும் அந்தப் பக்கம் எடை குறைந்துபோய்விட்டது.

மிஷினை ஷெட்டுக்கு இழுத்து வந்து கேட்டேன். "சேத்தைச் சுரண்டிட்டுத் தீட்டினீங்களா மாப்பிள்ளை?"

"தீட்டத்தானே கொடுத்தீங்க? சுரண்டச் சொன்னீங்களா?"

தங்கை குறுக்கே வந்தாள். "விடுண்ணே. பாவம், உதவிதானே செஞ்சாரு."

"இன்னொரு தடவை உதவ வேணாம்னு சொல்லும்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"மிஷினே ஓட்டை மிஷின்," என்றார் மாப்பிள்ளை, நகத்தைக் கடித்தபடி.

இப்போது அந்தப் புல்லை வேறொருவன் வெட்டுகிறான். என் மிஷின் ஷெட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. மாப்பிள்ளை எனக்கு ஒரு ஷாஃப்டும் ஒரு பிளேடும் பாக்கி.