மதியத்தில் வளையும் கோடு

மூன்றாம் ஆண்டு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவள், கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யத் தேர்வாகிவிட்டாள் என்றதும், வீட்டில் அவள் பெயரே மாறிப்போனது. 'விஞ்ஞானி' என்று ஆரம்பித்து வைத்தவன் தம்பி. பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டும் அப்பாவும் அப்படியே கூப்பிட்டார். வழியனுப்ப சித்தி, பெரியப்பா, அத்தை பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே வந்து நின்று, "விஞ்ஞானி, இறங்கினதும் போன் பண்ணு!" என்று கத்தியது. அத்தனை சத்தத்திலிருந்து புறப்பட்டவள் போய்ச் சேர்ந்தது, மனித வாடையே ஆகாத ஓர் அடித்தள ஆய்வகத்துக்கு.

அங்கே காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஓர் இரும்புக் கலத்துக்குள், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சிறிய எடை ஒன்று தொங்கியது. பக்கத்தில் இன்னோர் எடையை நகர்த்தினால், ஈர்ப்பு விசையால் கம்பி கொஞ்சமே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளப்பதுதான் வேலை.

"நீ பக்கத்துல போய் நின்னா உன்னையும் சேர்த்து அளந்துடும்" என்று சிரித்தார் பேராசிரியர். "அதனால அந்த அறைக்குள்ள போகாதே. இங்க உட்கார்ந்து திரையை மட்டும் பாரு."

அவர் அந்த வாரமே சொற்பொழிவுகளுக்காக ஊர் ஊராகக் கிளம்பிப் போனார். கூட இருந்து சொல்லித்தர வேண்டிய ஆராய்ச்சி மாணவர், மனைவிக்குப் பிரசவ நேரம் என்று விடுப்பில் போனார். "சந்தேகம்னா செய்தி அனுப்பு, கண்டிப்பா பதில் போடறேன்" என்றார். பல்கலைக்கழகத்துக்கே விடுமுறை என்பதால் தாழ்வாரத்தின் மற்ற கதவுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன.

விடுதியிலும் அதே கதைதான். பொதுச் சமையலறையில் அவளுடைய ஒரே ஒரு தட்டு காய்ந்துகொண்டிருக்கும். ரொட்டி வாங்கப் போகும் கடையில் பணம் வாங்குவதும் இயந்திரம்தான். அங்கேயும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் காலை, வாசலில் எதிர்ப்பட்ட தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லப்போனாள். தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. முந்தைய நாள் முழுக்கத் தான் யாரிடமும் பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் பேசினால் போன் கைமாறிக்கொண்டே இருக்கும். அம்மா, "சாப்பிட்டியா?" சித்தி, "சாப்பிட்டியாடி?" அப்பா, "வேளாவேளைக்குச் சாப்பிடறியாம்மா?" எல்லாருக்கும் "சாப்பிட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கோ குக்கர் கத்தும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், பேச்சு முடிந்துவிடும். அங்கே எல்லாரும் எப்படிப் பழகுகிறார்கள் என்று அம்மா கேட்டால், "தங்கமானவங்கம்மா" என்பாள். அது பொய் என்று சொல்ல முடியாது. கெட்டவர்கள் என்று சொல்லவும் ஆள் வேண்டுமே.

திரையில் கோடு ஒன்று நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தாள். மதிய வேளையில் கோடு திடீரென்று வளைந்து கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்துவிட்டு, பழைய இடத்துக்கு ஏறியது. மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காக ஓடியது.

ஆராய்ச்சி மாணவருக்குப் படம் எடுத்து அனுப்பினாள். "அந்த மாதிரி போன வருஷமும் அங்கங்க வந்துச்சு. அதை வெட்டிட்டு மீதியை எடுத்துக்கோ" என்று பதில் வந்தது. கூடவே பிறந்த குழந்தையின் படமும் வந்தது. வாழ்த்துச் சொன்னாள். ஆனால் வெட்ட மனம் வரவில்லை. காரணம் தெரியாமல் எப்படி வெட்டுவது?

வெயிலின் சூடாக இருக்குமோ என்று கலத்தைச் சுற்றி வெப்பமானி வைத்தாள். இல்லை. தண்ணீர் மோட்டாராக இருக்குமோ என்று கட்டடக் காவலாளியிடம் கெஞ்சி அதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் இல்லை. ஒரு மதியம், கோடு வளைய ஆரம்பித்த அதே நொடியில், சுவருக்கு அந்தப்புறம் ஏதோ கனமாக உரசி இறங்கும் ஓசை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சரக்கு லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. லிஃப்ட் உச்சிக்குப் போனால், அதற்கு ஈடாகக் கட்டியிருக்கும் இரும்புப் பாளங்கள் கீழே இறங்கி, கம்பி தொங்கும் அறையின் சுவரோரம் வந்து நிற்கும். கம்பி அந்த இரும்பைத்தான் அளந்துகொண்டிருந்தது. படிப்பு நாட்களில் அந்த லிஃப்ட் ஓயாமல் ஓடும். எந்த வளைவு எதனால் என்று யாராலும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. கட்டடமே காலியானதால் கண்ணில் பட்டது.

காலியானதா? யாரோ மேலே போயிருக்கிறார்களே!

படிகளில் மூச்சு வாங்க ஏறினாள். மொட்டை மாடியில் கண்ணாடிக் கூடம். உள்ளே மண்மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு ஒரு பெண், இவள் வயதுதான், செடிகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்கதான் தினமும் லிஃப்ட்ல வர்றதா?"

"ஆமா. வரக்கூடாதா? நான் கோடைப் பயிற்சிக்கு வந்தவ. செடிங்களுக்கு நான்தான் பொறுப்பு."

"வாங்க, தாராளமா வாங்க" என்று சொல்லும்போதே இவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க வர்றது எனக்குக் கீழே தெரியுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவளும் வேறொரு தேசத்திலிருந்து தனியாக வந்தவள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு கண்ணாடிக் கூடத்தில். சாப்பிட்டதும் செடிக்காரி லிஃப்டை ஒவ்வொரு மாடியிலும் நிறுத்துவாள். கீழே இவள் கோடு எவ்வளவு நகர்கிறது என்று குறிப்பாள். இடையிடையே போனில், "இப்போ?" "இப்போ நல்லா இறங்குது!" "எனக்கே பெருமையா இருக்கு!" என்று கத்திக்கொள்வார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஆனால் செடிக்காரியின் பயிற்சி இவளுடையதற்கு முன்னதாகவே முடிந்துவிட்டது. பெட்டியோடு வாசலில் நின்று இவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கார் திரும்பியது. அன்று மதியம் கோடு வளையவில்லை. மறுநாளும் இல்லை. ஆய்வுக்கு அதைவிட நல்ல அளவீடு கிடைக்காது. இவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரையை வேறு பக்கம் திருப்பி வைத்தாள். முன்பு தனியாக இருந்தது பழகிப்போயிருந்தது; இப்போது மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

அவள் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள்தான் பேராசிரியர் திரும்பினார். அவள் காட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், "நான் போய் லிஃப்டை ஓட்டறேன். நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

போன் ஒலித்தது. "மேலே வந்துட்டேன். நகர்ந்துச்சா?"

"நகர்ந்துச்சு சார்."

"இறங்கிட்டு மறுபடி வர்றேன்."

மறுபடியும் நகர்ந்தது. சொன்னாள். அவர் மூச்சு மட்டும் கேட்டது. "சார்?" என்றாள்.

"இருக்கேன்மா" என்றார். "போன வருஷம் நாங்க வெளியிட்ட அளவும் தப்புதான். முதல்லேர்ந்து பண்ணணும்."

கீழே வந்தவர் அவளைக் குறைசொல்லவில்லை. கட்டுரையைத் திருத்தும்போது அவள் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார். அவள் கைகுலுக்கிவிட்டு நகர்ந்தபோது, விளக்கைக்கூடப் போடாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். போய் ஏதாவது சொல்லலாமா என்று கதவருகில் தயங்கினாள். பிறகு போய்விட்டாள்.

விமான நிலையத்தில் நேரம் இருந்தது. வீட்டுக்குப் பேசினாள். எடுத்தவன் தம்பி.

"என்ன விஞ்ஞானி, என்ன கண்டுபிடிச்ச?"

"லிஃப்டைக் கண்டுபிடிச்சேன்டா."

"ஐயையோ, அதை முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்களே!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, சிரிப்பு எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. தம்பி பயந்துபோய் போனை அம்மாவிடம் கொடுத்தான்.

"என்னடி, சளி பிடிச்சிருக்கா?"

"இல்லம்மா." கொஞ்சம் பொறுத்து, "அங்க யாருமே இல்லம்மா" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"சரி, பேச முடியலேன்னா பேச வேண்டாம். போனை மட்டும் வைக்காதே. விமானத்துல ஏறச் சொல்ற வரைக்கும் நான் இப்படியே இருக்கேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பெட்டிமேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள்.