கிடங்குத் தெருவில் பூஜ்ஜியம்

அலுவலகத்தில் என்னைத் ‘தூசி அக்கா’ என்பார்கள். ஆவண அறையில் இருபது வருடமாகத் தும்முகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? போன வருடம் பெரிய சார் ஒரு வேலை கொடுத்தார். அறுபது வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தில் எந்தத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பழைய இறப்புப் பதிவேடுகளைப் பார்த்து வரைபடம் போட வேண்டும். போட்டேன். ஆற்றோரத் தெருவில் முப்பத்தொன்று, சந்தைத் தெருவில் பதினாறு, கிடங்குத் தெருவில் பூஜ்ஜியம். சார் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் பேய்மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பூஜ்ஜியத்தை நம்பி, ஆற்றோரத்து ஜனங்கள் இருநூறு பேரைக் கிடங்குத் தெருக் கூடத்தில் தங்கவைத்தார்கள். என் தங்கையும் அவளுடைய ஐந்து வயது மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

அன்று மதியம் ஆவண அறைச் சுவர் கசிந்தது. கீழ்த்தட்டில் கிடந்த பழைய பள்ளி வருகைப் பதிவேடுகளைத் திட்டிக்கொண்டே மேலே ஏற்றினேன். ஒன்று கைதவறி விழுந்து விரிந்தது. கிடங்குத் தெருப் பள்ளி, பெருவெள்ளம் வந்த அதே மாதம். பன்னிரண்டாம் தேதிவரை எல்லாப் பெயர்களுக்கும் நேரே வருகைக் குறி இருந்தது. வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து இருபத்திரண்டு பெயர்களுக்கு நேரே வெறும் கட்டம். வேறு பள்ளிக்குப் போனதாகவும் குறிப்பில்லை. மாதக் கடைசியில் ஆசிரியர் அந்தப் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

அத்தனை பிள்ளைகளும் எங்கே போனார்கள்? இறப்புப் பதிவேட்டை எடுத்து, ‘தகவல் தந்தவர், உறவு’ என்ற கடைசிப் பத்தியைப் பார்த்தேன். கணவன், தாய், தம்பி. யாராவது வந்து சொன்னால்தான் சாவு பதிவாகும். கிடங்குத் தெருவில் குடும்பம் குடும்பமாகச் செத்துப்போயிருக்கிறார்கள். யார் வந்து சொல்வது? பெரிய அனுபவசாலி என்று பீற்றிக்கொண்ட நான் அந்தப் பத்தியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பதிவேட்டை இடுக்கிக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன்.

“சார், கூடத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க. என் வரைபடம் தப்பு.”

“விளையாடுறீங்களா? அதை நம்பித்தானே அனுப்பினேன்! இந்த மழையில இருநூறு பேரை எங்கே கொண்டுபோறது?”

“ஆஸ்பத்திரி மேட்டுல இருக்கு. படிக்கட்டுல உக்காந்தாலும் உசிரோட இருப்பாங்க!”

பதிவேட்டை விரித்து நீட்டினேன். அவர் சிவப்புக் கோடுகளை விரல்வைத்து எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. தங்கைக்கு போன் போட்டேன்.

“பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா. எல்லாரையும் கிளப்பு.”

“உனக்கென்ன கிறுக்கா? இங்கே சாவே இல்லன்னு நீதானே மார்தட்டினே!”

“தப்பா சொல்லிட்டேன்டி. அப்புறமா என்னைத் திட்டு. வாசல்ல தண்ணி வந்திருச்சா பாரு.”

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. “செருப்பெல்லாம் மிதக்குதுக்கா,” என்றாள். பிறகு, “சாவி அண்ணே! சாவி அண்ணே!” என்று அவள் கத்த, இணைப்பு அறுந்தது.

சாவி அண்ணன் கூடத்துக் காவல்காரர். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு குடை. அவ்வளவுதான் அவர் சொத்தும் சொந்தமும்.

சார் எண்ணுவதை நிறுத்திவிட்டு லாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாப்பாவைக் கட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன். தங்கை என்னைத் திட்டவே இல்லை.

“சாவி அண்ணன்தான் பாப்பாவைத் தோள்ல வச்சுக் கொண்டுவந்து லாரியில ஏத்தினார்க்கா. பின்அறையில யாராச்சும் இருக்காங்களான்னு பார்க்கத் திரும்பிப் போனார். பின்சுவர் விழுந்திருச்சு.”

கூடத்துக்குப் பின்னால் மண் போட்டு மூடிய பழைய வாய்க்கால் ஒன்று இருந்ததாம், வெள்ளம் அந்த வழியாகத்தான் பாய்ந்ததாம். அது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அவர் உடல் கிடைத்தது. இறப்புப் பதிவு செய்கிற பையனிடம் போனேன்.

“தகவல் சொல்ல அவருக்கு யாருமில்லையேக்கா. நீங்க என்ன உறவுன்னு எழுதறது?”

“வரைபடம் போட்டவள்னு எழுது.”

“அப்படியெல்லாம் எழுதக்கூடாதுக்கா.”

பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன்.