காணிப்பாக்கத்தில் கேட்காமல் விட்டது

தாமோதரனின் மருந்துக் கடையில் புதுக் கடிகாரத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கடிகாரத்தில் எந்த மூலிகைக் கம்பெனியின் பெயர் இருந்ததோ, அதே கம்பெனியின் நாவல்கொட்டைப் பொடியைத்தான் என் நைனாவின் சர்க்கரைக்கு எடுத்து நீட்டினார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"டாக்டர் மாத்திரையோட இதையும் துன்னட்டும் மல்லிகாம்மா. நல்லதுதான்."

"இத வித்தா உங்களுக்கு இன்னா தராங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. கடிகாரம் எல்லாக் கடைக்கும் குடுத்தது."

எங்கள் நகரி ஊரில் இதை யார் நம்புவார்? தம்பி குவைத்துக்குப் போய் மூன்று வருஷம். நைனாவின் காலில் ஆறாத புண். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. இவரிடம் ஏமாந்தால் போவது நைனாவின் கால்.

"காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்றீங்களா?" என்று கேட்டேன். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் வராது.

அவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சித்தூர் வழியாக எங்களோடு பஸ்ஸில் வந்து முங்கினார். "இந்தப் பொடிக்காக நான் ஒரு பைசா வாங்கல" என்று சத்தியம் செய்தார். குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "சாமி முன்னாலயே சொல்லிட்டாரு. இனிமே அந்த இங்கிலீஷ் மாத்திரை எதுக்கு? துன்னா வயிறு எரியுது" என்று நிறுத்திவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் நைனாவின் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனேன்.

"சத்தியம் பண்ணீங்களே."

தாமோதரனுக்கு முகம் செத்துப்போனது. "பண்ணது நெசம்தாம்மா. காசு வாங்கல. மாத்திரைய நிறுத்தவும் சொல்லல."

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"எங்கம்மாவும் துன்றாங்க. ஒடம்பு லேசா இருக்குதுன்னாங்க. வர்றவங்க எல்லாம் 'மூலிகையில எதனா இருக்குதா'ன்னு கேட்டுக்கினே இருக்காங்க. இல்லன்னா எதிர்க்கடைக்குப் போயிடறாங்க."

"அது சர்க்கரையக் கொறைக்குமா, கொறைக்காதா?"

"தெரியாதும்மா" என்றார்.

இதைச் சொல்ல அவருக்குக் குளமும் வேண்டியிருக்கவில்லை, பிள்ளையாரும் வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவருக்கு என்ன கிடைக்கிறது என்று தோண்டித் தோண்டிக் கேட்ட நான், நைனாவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவே இல்லை.