நாற்பத்தைந்து டிகிரி வீராப்பு

சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் பொதுக் குளியல்கூடங்களில் ட்சுருயுவின் வெந்நீருக்குத்தான் சூடு அதிகம். நாற்பத்தைந்து டிகிரி. வெளியூர்க்காரன் கால் விரலை நனைத்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடுவான். அதை நடத்தும் வீட்டுப் பிள்ளை ஷூஜி மட்டும் தினமும் கடை திறக்கும் முன் கழுத்தளவு இறங்கி, இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து சூடு பார்ப்பான். மாலைக் கூட்டத்தோடு இன்னொரு முறை. தாத்தா காலத்து வழக்கம். அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஷூஜியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு சிஹோ மருமகளாக வந்து ஆறு வருஷம். வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. பெண்கள் பக்கம் குளிக்க வருகிறவர்கள் சோப்பு வாங்கும்போதே அவள் இடுப்பைக் கண்ணால் அளந்தார்கள். மாமியார் ஃபுமியே கெட்டவள் அல்ல, ஆனால் வாய் சும்மா இருக்காது. வயிறு குளிர்ந்தால் கரு தங்காது என்று கோடையிலும் மருமகள் வயிற்றில் கம்பளிப் பட்டையைச் சுற்றிவிட்டாள். மகனிடம், இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறு, உடம்புக்குத் தெம்பு வரும் என்றாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சிஹோ எட்டு மாதம் தனியாகவே ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். தினம் விடிந்ததும் உடம்புச் சூட்டைக் குறித்து வைத்தாள். ஹார்மோன் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் சரியாக இருந்தது. கணவர் எங்கே என்று டாக்டர் நகுமோ கேட்டபோதெல்லாம் கடையை விட்டு வர முடியாது என்று மழுப்பினாள். கடைசியில் அந்த டாக்டரம்மா விடவில்லை.

“ஒரு வருஷம் பாத்தும் நிக்கலன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தான் பாக்கணும்மா. பாதி பேர்கிட்ட ஆம்பள பக்கமும் ஏதாவது இருக்கு. அவருக்கு ஊசி கூட இல்லாத சோதனை. முதல்லயே பண்ணியிருந்தா உனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.”

ஷூஜி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள், பல்லைப் பிடுங்கப் போகிறவன் மாதிரி கிளம்பி வந்தான். ஒரு தடவையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இரண்டு முறையும் விந்தணு குறைவு, ஓட்டமும் மந்தம். விதைப்பையில் நரம்பு வீக்கமும் இல்லை, ஹார்மோனும் சரி. என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார். அவன் நாற்பத்தைந்து டிகிரியைப் பெருமையாகச் சொல்ல, அவர் பேனாவை மூடி வைத்தார். விதைகளுக்குச் சூடு ஆகாது, அவை உடம்புக்கு வெளியே இருப்பதே அதற்காகத்தான் என்றார். இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் தண்ணீரில் இறங்க வேண்டாம், புது அணு முதிர மூன்று மாதம் ஆகும், அப்புறம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஃபுமியே முடிவெடுத்தாள். ஏன் தண்ணீரில் இறங்கவில்லை என்று யாராவது கேட்டால் இடுப்புவலி என்று சொல்ல வேண்டும். ஷூஜியும் தலையாட்டினான். சிஹோவுக்கு வயிறெரிந்தது. குழந்தை வருகிறபோது வரட்டும். ஆறு வருஷமாகத் தன் தலையில் விழுந்த பழியை இந்த மனுஷன் வாய் திறந்து இறக்கி வைப்பானா? அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பத்து நாள் இடுப்புவலி செல்லுபடியானது. பதினோராம் நாள் மாலை ஆறு மணி, கூட்டம் நிறைந்திருந்தது. சிஹோ பெண்கள் பக்கம் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கத்துக்கும் இதற்கும் நடுவிலிருக்கும் சுவர் கூரையைத் தொடாது. அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். ஓய்வுபெற்ற தச்சர் கமேய் வழக்கம்போல் ஷூஜியைச் சீண்டினார்.

“என்ன சின்ன முதலாளி, தண்ணியக் கண்டா பயமா? உன் பங்குக்கும் சேத்துப் பொண்டாட்டிய ஊறப் போடு. அப்பவாவது ஒண்ணு முளைக்குதான்னு பாப்போம்.”

ஆண்கள் சிரித்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள் கேட்காதது மாதிரி முதுகு தேய்த்தார்கள். சிஹோ கையிலிருந்த வாளியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, எனக்கு இடுப்புவலி எல்லாம் இல்ல. பொய் சொன்னேன்.” என்றான் ஷூஜி. “ஆஸ்பத்திரியில பாத்துட்டோம். அவளுக்கு எல்லாச் சோதனையும் ஆச்சு, ஒரு குறையும் இல்ல. குறை எங்கிட்டதான். இந்தச் சூடும் ஆகாதுன்னுட்டாங்க. இனிமே யாருக்காவது வாய் அரிச்சா என்னைப் பத்திப் பேசுங்க. அவளப் பத்திப் பேசாதீங்க.”

சிஹோவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மணமாக உட்கார்ந்திருக்கும் இருபது ஆண்களுக்கு நடுவில் நின்று இதைச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? என் வீட்டுக்காரருக்கு வந்ததே! கண்ணில் நீர் முட்ட, அவள் பெண்களை ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்தி குனிந்து கும்பிட்டாள். இரண்டு பக்கமும் தெரிகிற உயரமான கல்லாவில் உட்கார்ந்திருந்த ஃபுமியேயின் முகம் முதலில் செக்கச் சிவந்தது. பிறகு பொய் சொல்லச் சொன்னதே அவளில்லை என்பது போல, “அது என் பிள்ளை” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சுவருக்கு அப்பாலிருந்து கமேயின் குரல் வந்தது. கிழவர் தணித்துத்தான் பேசினார். யொகொஹாமாவில் இருக்கும் அவர் மகனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மருமகள் ஜாதகத்தைப் பழித்தே அவர் பொழுதைப் போக்கியிருந்தார்.

“அது எந்த ஆஸ்பத்திரி, சின்ன முதலாளி? என் மருமகள அனுப்பணும்.”

ஷூஜி பதில் சொல்லுமுன் சிஹோ சுவரை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

“ரயிலடிக்குப் பக்கத்துலதான், கமேய் ஐயா. மருமகள மட்டும் அனுப்பாதீங்க. உங்க மகனும் கூடப் போகணும்.”