நாங்கள் எறும்புகளான ஞாயிற்றுக்கிழமை

ஜூன் மாதம் என் வலது முழங்காலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு மதியம், என்னை ஏரிக்குக் கூட்டிப்போகலாமா கூடாதா என்று எங்கள் வீட்டு முன்னறையில் விசாரணை நடந்தது. குற்றவாளி நான். சாட்சி, குளியலறையிலிருந்து தூக்கி வந்து நடு அறையில் வைத்திருந்த எடைக்கருவி. சட்டத்தை எழுதியவளும் நான்தான் என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சட்டம் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் கறுப்பு மையில் இன்னும் இருக்கிறது. ஒன்று, அவரவர் பங்கை அவரவர் சுமக்க வேண்டும். இரண்டு, ஒரே நடை. மூன்றாவது சட்டம் கிடையாது, தேவையும் இல்லை.

எங்கள் ஏரிக்குப் போக முதலில் ஒரு பெரிய ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டும். பிறகு அறுநூறு மீட்டர் காட்டுப் பாதை. அதில் படகையும் மூட்டையையும் நாமேதான் சுமந்து நடக்க வேண்டும். அதைத் தாண்டினால் எங்கள் சின்ன ஏரி, மோட்டார் படகின் மூச்சே கேட்காது. ஊரில் பாதிப் பேர் அந்தப் பாதையை இரண்டு நடையாக நடக்கிறார்கள். பாதிச் சாமானை அக்கரையில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து, மீதியை எடுத்துப் போவார்கள். அவர்களுக்கு நான் வைத்த பெயர் எறும்புகள். படகைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகும்போது, "என்ன, எறும்பெல்லாம் கிளம்பியாச்சா?" என்று கேட்காமல் நான் போனதில்லை. கொழுப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரே நடையில் முடிக்க வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்திருக்கிறேன். தேயிலைப் பைகளின் நூலையும் காகித வாலையும் கத்தரித்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் நாத்தனார் தூலா ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து நின்றாள். இரண்டு கிலோ. காரிலேயே வைத்துவிட்டு வா என்றேன். இரண்டு நாளும் ஈரக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தூலாதான் இப்போது என் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது பிள்ளைகளை ஒரே சத்தத்தில் அடக்குகிற தொண்டை.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி."

"எவ்வளவு வேணும்னாலும் நட, துடுப்பு போடு. ஆனா ஒரு நேரத்துல நாலு கிலோவுக்கு மேல தூக்காதேன்னாரு."

"நாலு கிலோ." அவள் ரசித்து ரசித்துச் சொன்னாள். "படகு எத்தன கிலோ?"

"இருபது."

"ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் வரும்னு சும்மாவா சொன்னாங்க."

என் கணவன் ரெய்னோ சிரிப்பை மறைக்க, மடியில் விரித்திருந்த ஏரி வரைபடத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். மரம் அறுக்கும் ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் தீட்டுகிறவன். நாள் முழுக்க அந்த இரைச்சலில் இருந்துவிட்டு வீட்டில் வாயே திறக்க மாட்டான். தங்கை பேசுவதே போதுமென்று நினைப்பானோ என்னவோ.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூலை முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அப்போது சுவரில் மாட்டியிருந்த அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பள்ளி திறந்து, கொசு செத்து, வெளியூர்க்காரர்கள் வீடு போய்ச் சேர்ந்து, பனி இன்னும் விழாத இந்த இரண்டு வாரத்துக்காகத்தான் வருஷம் பூராவும் இருக்கிறேன். பிர்ச் மரத்து இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் கிளம்பி, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடும் பயணம்தான். ஆனால் அதற்குப் போகாவிட்டால் இந்த வருஷமே எனக்கு இல்லை.

"படகை நான் தூக்கறேன்" என்றாள் தூலா.

உடனே எல்லோரும் பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினோம். ஓடினார்கள், நான் நொண்டினேன். தூலா படகை ரெய்னோவின் உதவியோடு தலைக்கு மேல் கவிழ்த்து, குறுக்குக் கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அந்த நிலையில் தன் பாதத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. பத்தடி நேராகப் போனாள். பிறகு துணி காயப்போடும் கயிற்றில் படகின் மூக்கு மாட்டி, ரெய்னோவின் உள்ளாடை இரண்டும் ஒரு போர்வையும் படகோடு ஊர்வலம் போயின.

"அத்தை, நில்லுங்க, பின்னாடி வாங்க" என்று கத்தினாள் என் மகள் பிரின்.

"பின்னாடி எப்படிடி வர்றது? இதுல கண்ணாடி இருக்கா, ஹாரன் இருக்கா?" படகுக்குள்ளிருந்து குரல் எதிரொலித்தது. அந்த வேகத்திலேயே திரும்பினாள். படகின் வால் சுழன்று, பறவைகளுக்குத் தீனி வைக்கும் பெட்டியை அடித்துப் பக்கத்து வீட்டு வேலிக்குள் அனுப்பியது. ரெய்னோ புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரித்தேன், புதுக் காலை மறந்து.

ஆனால் தூலா படகைக் கீழே போடவில்லை. தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் எதையும் இடிக்கவில்லை. இறக்கி வைத்தபோது முகம் சிவந்து, கல்யாணப்பெண் மாதிரி நின்றாள்.

ஆக, என் படகு அவளுக்கு. அவளுடைய மூட்டை எனக்கு. முன்னறைக்கு வந்து அதை எடைக்கருவியில் வைத்தோம். பதினாறு கிலோ. கூடாரம், ஓட்ஸ், காட்டரிசி, எல்லாமே வேண்டியவை. நான் தூக்கக்கூடியது நாலு.

"மிச்சம் பன்னெண்டையும் நாங்க மூணு பேரும் பிரிச்சுக்கறோம்" என்றாள் பிரின். பதினைந்து வயது. எதையும் வக்கீல் மாதிரி வாதாடுவாள்.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"முதல் சட்டம். அவரவர் பங்கு அவரவருக்கு."

"அதை எழுதினதே நீதானம்மா. மாத்தி எழுதிக்க."

"எனக்கு வலிச்சா மாத்தறதுக்குப் பேரு சட்டமா? உங்க அத்தைய ரெண்டு நாள் ஈரக் கட்டைல உக்கார வச்சேன். அப்ப மாத்தினேனா?"

தூலா வாயில் ரொட்டியோடு கை உயர்த்தி அதை ஆமோதித்தாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாததால் எல்லார்மேலும். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல" என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரின் எடைக்கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முதல் சட்டம் வேணுமா ரெண்டாவது சட்டம் வேணுமா? ஒண்ண வச்சுக்க. பதினாற நாலால வகு. நாலு நடை. உன் பங்கை நீயே தூக்கற, டாக்டரும் திட்ட மாட்டாரு. நாலு தடவ போகணும், மூணு தடவ திரும்பணும். ஏழு அறுநூறு, நாலாயிரத்து இருநூறு மீட்டர். நடக்கத்தான் சொல்லியிருக்காரே. பாம்பும் சாகல, கோலும் உடையல."

"நாலு நடையா?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எறும்புங்ககூட ரெண்டு நடைதான் போகும். அந்தப் பாதைல என்ன பாத்து எத்தன பேரு சிரிப்பாங்கன்னு தெரியுமா?"

"நீங்க பாத்துச் சிரிச்ச அத்தன பேரும்" என்றாள் தூலா. உண்மைதான். உண்மையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லக் கூடாது.

சமையலறைக்குப் போனேன். கழுவின தட்டுகளையே மறுபடி கழுவினேன், அவற்றுக்கு என்மேல் கோபம் வருகிற அளவுக்குச் சத்தத்தோடு. ஏரிக்குப் போக வேண்டும். எப்படியாவது போக வேண்டும். ஆனால் எறும்பாகப் போக வேண்டுமா?

ரெய்னோ வந்து துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தான். ஐந்து தட்டைத் துடைத்து அடுக்கினான்.

"இருபது வருஷமா அந்தப் பாதைல நடக்கறோம்" என்றான்.

"ஆமா."

"உன் தல படகுக்குள்ள. என் தல என் படகுக்குள்ள. முன்னாடி போற உன் கால மட்டும்தான் பாத்திருக்கேன். ஒரு வார்த்த பேசினதில்ல."

"உனக்குப் பேசத் தெரியுமா என்ன?"

"திரும்பி வர்ற நடைல கைல ஒண்ணும் இருக்காதில்ல." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சும்மா கூட நடந்து வரலாம்னு நெனச்சேன். எனக்கும் நாலு நடை போதும்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் ஒரு மாதத்தில் பேசுவது அதுதான். அழுகை வந்தது, அதை மறைக்க அவன் காலைப் புதுக் காலால் லேசாக மிதித்தேன்.

முன்னறைக்குப் போய், "சரி. எறும்பாவே போறேன்" என்றேன்.

"அப்ப நாங்களும் எறும்புதான்" என்றாள் பிரின். பிறகு ஏதோ உறைத்து அவள் கண் விரிந்தது. "எல்லாரும் நாலு நடை போனா... எடையே ஒரு பொருட்டில்லையே?"

ஒரு கணம் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுத்த கணம் வீட்டில் யாரும் நின்ற இடத்தில் இல்லை. பிரின் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். தொள்ளாயிரம் பக்கப் புத்தகம், வெந்நீர்ப் பை, கழுத்து உயரத்துக்குக் கம்பளி. தூலா காரை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் பறந்தாள். பள்ளிப் பேருந்தை அப்படி ஓட்டினால் வேலை போய்விடும். ஐந்தே நிமிடத்தில் மடக்கு நாற்காலியோடு வந்து, அதை என் எதிரே விரித்து, அதில் உட்கார்ந்து, ஒரு காலை இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க அண்ணி" என்றாள். நான் கும்பிட்டேன்.

ரெய்னோ சமையலறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து இரும்பு வாணலியை எடுத்து வந்தான். அதில் மீன் வறுத்தால் எப்படி இருக்கும் என்று இருபது வருஷமாக அவன் சொல்லவே இல்லை. அவன் அதைப் பிடித்திருந்த விதத்தில் எனக்குப் புரிந்தது. நான் என் பங்குக்கு இறகுத் தலையணையைக் கொண்டுவந்தேன். தேயிலைப் பைகளையும் எடுத்து வைத்தேன், நூலோடும் வாலோடும். கத்தரிக்கோலைத் தேடி வழக்கம்போல் நீண்ட என் கையை நானே தட்டிவிட்டேன். முன்னறை திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது.

தூலாவும் பிரினும் நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் மூட்டையை நாலு சின்னப் பையாகப் பிரிக்க உட்கார்ந்தேன். இறகுத் தலையணைக்கு எடையே இல்லை, ஆனால் மூட்டை அசையவே மறுத்தது. எடைக்கருவிமேல் தள்ளி ஏற்றினேன். இருபது கிலோ.

அடியில் கைவிட்டுப் பார்த்தேன். உருளைக்கிழங்கு. ஒரு முழுப் பை.

"இத யாரு வச்சது?"

ரெய்னோ வரைபடத்திலிருந்து தலை தூக்கவில்லை. "சூப்புக்கு."

"நாலு பேருக்கு நாலு கிலோவா?"

"ரெண்டு நாள் இருக்கோமில்ல."

எடை விஷயத்தில் என்னை ஏமாற்ற யாராலும் முடியாது. விரல் விட்டு எண்ணினேன். இருபது கிலோ என்றால் ஐந்து நடை. ஐந்து நடை போனால் நாலு தடவை திரும்ப வேண்டும், வெறுங்கையோடு. மூன்று போதாதாம் அவனுக்கு.

உருளைக்கிழங்கை உள்ளேயே தள்ளி, மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன்.