மூட்டுவலிக்கு மாவு மில்

விராலிமலையில் அழகுமலை கரண்டு மோட்டார் வைத்து மாவு மில் போட்ட புதிதில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் சந்தைப் பக்கத்துப் பழைய மில்லுக்கே போனார்கள். தப்பித் தவறிக் கம்பு அரைக்க வந்த காத்தாயி, தானியம் கொட்டும் இரும்புக் கூம்பைத் தொட்டதும் "ஆத்தாடி!" என்று கையை உதறினாள். மறுநாள் அவளே திரும்பி வந்தாள்.

"முட்டிவலி பறந்துருச்சுப்பா. ஒன் மெஷின்ல வைத்தியம் இருக்கு."

அவ்வளவுதான். முட்டிவலி, இடுப்புவலி, மருமகளைப் பார்த்தாலே வருகிற தலைவலி என்று ஊரே வரிசை கட்டியது. கைப்பிடி கம்போடு வந்து இரண்டு தரம் தொட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அழகுமலைக்குத் தலைகால் புரியவில்லை.

வயர்மேன் வெள்ளைச்சாமி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, மோட்டார்ல கரண்டு கசியுது. அதை மண்ணுக்குக் கொண்டுபோற எர்த் கம்பி, மெஷின் ஆடுற ஆட்டத்துல நட்டு கழண்டு தொங்குது. தரை காஞ்சு கெடக்கவும் சுர்ருங்குறதோட நிக்கிது. ஈரம் பட்டா ஆளையே தூக்கிரும்." நட்டை முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காத்தாயி கூம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மெஷினு செத்துப்போச்சுடி!" என்று பையைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள். ஊரும் பின்னாலேயே நடந்தது. சில நாள் ஈ ஓட்டிய அழகுமலை, யாருமில்லாத நேரம் பார்த்துத் தன் கையாலேயே நட்டைத் தளர்த்திவிட்டார். பாவி மனுஷன்!

கூட்டம் திரும்பியது. கூடவே மழையும் வந்தது. கூரை ஒழுகி நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று, அவர் மனைவி செவந்தி கூம்பில் கை வைத்தாள். அலறக்கூட முடியவில்லை. அழகுமலை பாய்ந்து சுவிட்சை இறக்கியதும் மாவுக் குவியலில் போய் விழுந்தாள். இவள் போய்விட்டால் மில் எதற்கு, நான்தான் எதற்கு என்று விக்கி விக்கி அழுதார்.

மாவு அப்பிய முகத்தில் கண் இரண்டும் திறந்தன.

"நட்டை யாரு கழட்டுனது?"

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெள்ளைச்சாமி மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, எர்த்துக்கு இரட்டை நட்டுப் போட்டார். செவந்திக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. நேற்று இறுக்கியது இன்றும் இறுகி இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? ஆகவே தினமும் மில் ஓடத் தொடங்கியதும் முதல் ஆளாக அழகுமலைதான் கூம்பைத் தொட வேண்டும். அவள் சுவிட்சில் கை வைத்தபடி நிற்பாள்.

வைத்தியம் நின்றதும் போன கூட்டம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. இன்றைக்காவது மனுஷன் துள்ளுவாரா என்று பார்க்க, காத்தாயி முதல் வரிசையில் நின்றாள்.